நான் இழைத்துத் தள்ளிய மேடு

இன்று காலை மெஷின்காரர் பழவேற்காட்டு முகாமிலிருந்து திரும்பி வந்து, ஸ்கேனர் பெட்டியை என் மேசைமேல் வைத்துத் திறந்தார். ஒயர்ச் சுருளிலிருந்து கருவாட்டு வாசம் குப்பென்று கிளம்பியது. முகாம் நடந்த கூடத்துக்குப் பின்னால்தான் கருவாடு காயப் போடுகிறார்களாம். மூன்று நாளும் அந்தக் காற்றிலேயேதான் வேலையாம். "பெட்டியத் துடைச்சுட்டுக் குடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று அவர்மேல் பாய்ந்தேன். சிரித்துக்கொண்டே பின்வாங்கினார். ஆனால் நான் மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை. நீ வந்து பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததுபோல் இருந்தது.

அப்புறம் கம்ப்யூட்டரில் அந்த ஸ்கேன் கோப்பைத் திறந்தேன். யாரோ ஒரு அம்மாவின் கால். முட்டிக்குக் கீழே ஒரு சாண் மட்டும். வெளிப்பக்கத்தில் சின்னதாக ஒரு மேடு. பழக்க தோஷத்தில் என் கை திரையில் தேய்க்கிற பிரஷ்ஷுக்குப் போனது. போய் அப்படியே நின்றுவிட்டது. இனி மத்தியானம் வரை வேலை ஓடாது என்று தெரிந்துபோயிற்று. அதனால் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ படிக்கப் போவதில்லை. இருந்தபோது மட்டும் என்ன, எதைக் கொடுத்தாலும் "நீயே படிச்சி சொல்லு, எனக்குக் கண்ணு வலிக்குது" என்று தள்ளிவிடுகிறவள்தானே.

நீ எனக்கு அறிமுகமாவதற்கு முன்னால் உன் கால் எனக்கு அறிமுகம். இதை உன்னிடம் சொன்னபோது நீ முகம் சுளித்தாய். ஆனால் அதுதான் உண்மை. பொன்னேரியில் எங்கள் செயற்கைக்கால் பட்டறையில் என் வேலையே அப்படி. மெஷின்காரர் ஊர் ஊராக முகாமுக்குப் போவார். கையில் பிடிக்கிற லேசர் ஸ்கேனரை வைத்துக்கொண்டு, கால் இழந்தவரைச் சுற்றிச் சுற்றி வருவார். மிச்சமிருக்கிற காலின் வடிவம் கம்ப்யூட்டருக்குள் ஏறிவிடும். அது எனக்கு வரும். நான் துடைத்துக் கொடுத்தால், அந்த வடிவத்தை ஒரு இயந்திரம் நுரைக் கட்டையில் செதுக்கும். அந்தக் கட்டைமேல் சூடான பிளாஸ்டிக்கை இழுத்து மூடி எடுத்தால் சாக்கெட். கால் போய் உட்கார்கிற குவளை அதுதான். அது சரியாக இருந்தால் ஆள் நடப்பார், தப்பாக இருந்தால் மூலையில் சாத்தி வைத்துவிடுவார்.

துடைப்பது என்றால் என்ன துடைப்பது என்று கேட்பாயே. ஸ்கேனரிலிருந்து வருவதை நேரில் பார்த்தால் அருவருப்பாக இருக்கும். பார்த்தவளாயிற்றே நீ. அங்கங்கே முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். நாற்காலி விளிம்பு ஒன்று தொடையோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். முட்டிக்குப் பின்னால் வெளிச்சம் எட்டாத இடம் ஓட்டையாகக் கிடக்கும். ஆள் அசைந்துவிட்டால் ஒரு தோலுக்கு மேல் இன்னொரு தோல் போர்த்தியதுபோல் வரும். இதையெல்லாம் வெட்டி, அடைத்து, ஒரே தோலாகச் சேர்த்து, தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். அது முடிந்ததும் முக்கோணங்களைக் குறைக்க வேண்டும். மொத்த வடிவமும் லட்சக்கணக்கான குட்டி முக்கோணங்களால் ஆனது. செதுக்குகிற இயந்திரத்தோடு இருக்கிற பழைய கம்ப்யூட்டருக்கு அத்தனையும் போட்டால் மூச்சு முட்டிவிடும். தட்டையான இடத்தில் தாராளமாகக் குறைக்கலாம், வளைகிற இடத்தில் கை வைக்கக் கூடாது. நான் இதில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன். என் கோப்பு கழுவிவிட்டதுபோல் இருக்கும் என்பார்கள். எனக்கும் அந்த மமதை இருந்தது.

உன் கோப்பு வந்த அன்று எரிச்சலோடுதான் ஆரம்பித்தேன். ஸ்கேன் எடுக்கும்போது நீ பேசிச் சிரித்து ஆட்டியிருக்கிறாய். இரண்டு இரண்டு தோல். அதுபோக மூன்று இடத்தில் துவரம்பருப்பு அளவுக்குப் புடைப்புகள். ஒன்று முன் எலும்பின் நுனியில், ஒன்று பின்பக்கத் தையல் தழும்பில், ஒன்று வெளிப்பக்கத்தில். எங்கள் ஸ்கேனரில் நிறம் பதியாது, வடிவம் மட்டும்தான். சாம்பல் நிறத்தில் மூன்று பருப்பு. இதென்ன எழவு என்று இரண்டு நொடி பார்த்தேன். பிறகு துடைத்தேன். வெளிப்பக்கத்துப் பருப்பு சுலபத்தில் போகவில்லை. அதற்கு அடியிலேயே ஒரு திட்டு இருந்தது. பிரஷ்ஷை அகலமாக்கி, பருப்போடு திட்டையும் சேர்த்து இழைத்துத் தள்ளினேன். சாயங்காலம் ஆரம்பாக்கத்துக்கு ரயில் ஏறுவதற்கு முன்னால் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "எப்படி வந்ததை எப்படி ஆக்கியிருக்கேன் பாருங்க" என்று பெருமை வேறு.

உன்னை முதன்முதலாகப் பார்த்தது கால் மாட்டிப் பார்க்கிற அன்று. பிடித்து நடக்கிற இரண்டு கம்பிகளுக்கு நடுவே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாய். என் வயதுதான் இருக்கும் உனக்கும். கூட வந்திருந்த உன் நாத்தனார் நீ எழுந்து நின்றதுமே அழ ஆரம்பித்துவிட்டாள். கால் பொருத்துகிறவர் குனிந்து பார்த்துக்கொண்டே, "எங்கயாவது அழுத்துதாம்மா?" என்று கேட்டார்.

"நல்லாருக்குது."

"வலி ஏதாவது?"

"நல்லாருக்குதுன்றேன்ல!"

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பூரிப்பாக இருந்தது. உன்னுடைய அந்த வீராப்பும் பிடித்துப் போயிற்று. நீ பொய் சொல்கிறாய் என்று எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

ஏன் பொய் சொன்னாய் என்பதைப் பிற்பாடு நீயே சொன்னாய். கடலில் மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் சில நாள்தான் இருந்தது. படகுகள் போய்த் திரும்பினால் கரையில் ஏலம் சூடு பிடித்துவிடும். மீனைத் தார்ப்பாயில் கொட்டியதும் பெண்கள் வட்டமாகச் சூழ்ந்துகொள்வீர்கள். நின்றால்தான் ஏலம் விடுகிறவன் கண்ணில் படுவாய். நின்றால்தான் குரல் எழும்பும். ஏரியில் முழங்கால் தண்ணீரில் இறங்கியபோது திருக்கை மீனின் முள் குத்தி, சர்க்கரை உடம்பில் அது அழுகி, காலை எடுத்ததிலிருந்து நீ அந்த வட்டத்தில் இல்லை. நாத்தனார் எடுத்து வந்து கொடுப்பதை வீட்டு வாசலில் வைத்து விற்றுக்கொண்டிருந்தாய்.

"அவ நல்லவதான். இல்லன்னு சொல்லல. ஆனா அவ பார்த்து எடுத்தாந்த மீன நான் விக்கணுமாம். என் மீன நான் பார்த்து எடுக்கக் கூடாதா? உக்காந்துகினு கேட்டா எவன் திரும்பிப் பாக்குறான்? வட்டத்துல என் எடத்துல இன்னொருத்தி நின்னுட்டான்னா, அப்பறம் அத்த எப்படிக் கேட்டு வாங்குறது?"

அதனால் வலித்தபோதும் நல்லாருக்குது என்றாய். தடைக்காலம் முடிந்த மறுநாளே போய் நின்றாய்.

ஐந்தாவது வாரம் நீ திரும்ப வந்தாய். ஊன்றுகோலோடு, காலை அரிசிப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு. வெளிப்பக்கத்தில் கட்டு. ஒரு ரூபாய் அகலத்துக்குப் புண். ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் சொல்லியிருந்தார்: புண் எலும்பைத் தொட்டால் முட்டிக்கு மேலே எடுக்க வேண்டியிருக்கும். முட்டி இருக்கிற காலுக்கும் முட்டி இல்லாத காலுக்கும் உள்ள தூரம் எங்களுக்குத் தெரியும். மணலில் காலை நேரம் முழுக்க நின்று ஏலம் கேட்பதெல்லாம் அப்புறம் நடக்காது. உனக்கும் தெரிந்திருந்தது. அன்று நீ உட்காரவே இல்லை. சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு நேராக மெஷின்காரரைப் பிடித்தாய்.

"மெஷின்காரரே, நான்தான் பொட்டு வச்சிக் காட்டுனேனே. உன் மெஷினுக்குக் கண்ணு அவிஞ்சா பூடிச்சி?"

"என்ன பொட்டு?" என்று நான்தான் கேட்டேன்.

அப்போதுதான் கதை வெளியே வந்தது. ஸ்கேன் எடுப்பதற்கு முன் காலைச் சுற்றி மெஷின்காரர் வட்ட வட்டமாக மின்னுகிற ஸ்டிக்கர்கள் ஒட்டுவார். மெஷின் தான் எங்கே இருக்கிறோம் என்று அடையாளம் பிடித்துக்கொள்ளத்தான் அது. எல்லாரிடமும் அவர் "பொட்டு வச்சாத்தாம்மா மெஷினுக்கு எடம் தெரியும்" என்றுதான் சொல்வார். உன்னிடமும் சொல்லியிருக்கிறார். ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார். நீ யோசித்திருக்கிறாய். பொட்டு வைத்தால்தான் மெஷினுக்குத் தெரியும் என்றால், எங்கே வலிக்கிறது என்பதும் அதற்குத் தெரிய வேண்டாமா? பர்ஸிலிருந்து கல் வைத்த பொட்டு அட்டையை எடுத்து, தொட்டாலே உயிர் போகிற மூன்று இடத்திலும் ஒன்று ஒன்று ஒட்டிக்கொண்டாய். ஒரு கேள்வி கேட்காமல், ஒருவரும் சொல்லாமல். எங்கள் பட்டறையில் இத்தனை பேர் படித்தவர்கள் இருந்தோமே, எவருக்காவது தோன்றியதா?

"நீங்க பாக்கலையா சார்?" என்று மெஷின்காரரைக் கேட்டேன்.

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "பார்த்தேங்க. ஏதோ ஆசைக்கு ஒட்டிக்கிட்டாங்கன்னு நெனச்சேன். எடுக்கலாம்னுதான் பார்த்தேன். கல்யாணம் ஆன பொம்பளை வச்ச பொட்ட நான் எப்படிங்க பிய்க்கிறது? நல்லாவா இருக்கும்? அப்படியே விட்டுட்டேன்."

எல்லாரும் மெஷினைப் பார்த்தார்கள். மெஷினுக்கு அது பதியவில்லை போலிருக்கிறது என்றார் ஒருவர். நான் டீ கிளாஸோடு நின்றிருந்தேன். ஸ்கேனுக்கும் காலுக்கும் நடுவே ஒருத்தி உட்கார்ந்து துடைக்கிறாள் என்பது உனக்குத் தெரியாது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பழி மெஷின்மேல் போயிருக்கும். உண்மையைச் சொல்கிறேன், அரை நிமிஷம் அப்படித்தான் இருந்தேன். அப்புறம் உன் கட்டைப் பார்த்தேன், நான் மேட்டை இழைத்ததால் சாக்கெட்டில் எலும்புக்கு இடமில்லாமல் போன அதே வெளிப்பக்கம். மஞ்சளாக ஊறியிருந்தது.

"மெஷின் பார்த்துச்சு. நான்தான் அழிச்சேன்" என்றேன்.

"நீ யாரு?"

சொன்னேன். நீ திட்டுவாய் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "காட்டு" என்றாய். "எத்த அழிச்ச, எப்படி அழிச்ச, காட்டு."

ஊன்றுகோலை ஊன்றி என் மேசை வரைக்கும் வந்தாய். துடைக்காத பழைய கோப்பைத் திறந்து காட்டினேன். முள்ளும் பிசிறும் ஓட்டையுமாக உன் கால். மூன்று பருப்பும் பளிச்சென்று தெரிந்தன. நீ திரையில் விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டாய்.

"இதோ கீது. இதோ கீது. இதோ. பார்த்துட்டுதான் அழிச்சியா?"

"பார்த்துட்டுதான்."

"இன்னான்னு நெனச்ச?"

"குப்பைன்னு நெனச்சேன்."

நீ என்னை ஏற இறங்கப் பார்த்தாய். பிறகு, "என் புருஷன் கல்லாட்டம் கீறசொல்லோ என் பொட்ட அழிச்சிட்டியேடி பாவி!" என்றாய். எல்லாரும் சிரித்துவிட்டார்கள், மெஷின்காரர் உள்பட. எனக்கு மட்டும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நீ அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "மீனு கழுவிக்கீறியா எப்பனா? செதில எடுக்கச் சொன்னா சதைய எடுத்துட்ட" என்று சொல்லிவிட்டு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

புண் ஆற மூன்று மாதம் ஆயிற்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள் உனக்கு போன் போட்டேன். முதலில் நீ எடுக்கவே இல்லை. பிறகு எடுத்துத் திட்டினாய். "இன்னா கம்ப்யூட்டரு, இன்னும் கீதா காலுன்னு பாக்குறியா? கீது, கீது. வை போன." கம்ப்யூட்டரு என்கிற பெயர் அப்போது வந்ததுதான். முட்டி போய்விட்டால் இந்த வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். நான் கோயில் குளம் என்று போகிறவள் இல்லை. அந்த மூன்று மாதமும் போனேன். என்னவென்று வேண்டுவது என்று தெரியாமல், "அந்த வெளிப்பக்கம் மட்டும்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். அப்படி ஒரு பயம் அதற்கு முன்னாலும் எனக்கு வந்ததில்லை, அப்புறமும் இல்லை.

புண் ஆறியதும் இரண்டாவது ஸ்கேன். இந்தத் தடவை பட்டறையிலேயே. எடுத்து முடித்ததும் நீ வீட்டுக்குக் கிளம்பவில்லை. என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய். தூக்குவாளியில் மடவை மீன் குழம்பும் சோறும் கொண்டு வந்திருந்தாய், அதாவது முன்கூட்டியே திட்டம் போட்டுத்தான் வந்திருக்கிறாய். "நீ தொடச்சிகினே இரு. நான் பார்க்குறேன்" என்றாய்.

அப்படி ஒரு நாளும் நான் வேலை பார்த்ததே இல்லை. வழக்கமாக இரண்டு மணி நேரத்தில் முடிவதை நாள் முழுக்க இழுத்தோம். ஒவ்வொன்றுக்கும் உன்னிடம் உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. நாற்காலி விளிம்பை வெட்டலாமா? "எடு, அது என்னுது இல்ல." தொங்குகிற பிசிறு? "எடு." முட்டிக்குப் பின்னால் மடிப்பு? "இரு, இரு. அது உக்காரசொல்லோ வர்ற மடிப்பு. நின்னா இருக்காது. பாதி எடு." மெஷின்காரரின் ஸ்டிக்கர் இருந்த இடமெல்லாம் வட்ட ஓட்டையாக இருந்தது. ஸ்டிக்கர் மின்னுவதால் அந்த இடத்தில் தோல் பதியாது என்றேன்.

"அவரு வச்ச பொட்டு ஓட்டையா வருது. நான் வச்ச பொட்டு மேடா வந்துச்சி. அப்பவே தெரிய வேணாமா, ரெண்டும் வேற வேறன்னு?"

தெரிந்திருக்க வேண்டும்தான். ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தேன்.

அப்புறம் வெளிப்பக்கத்துக்கு வந்தோம். நீ கண்ணை மூடிக்கொண்டு, புடவைக்கு அடியில் கையைவிட்டு எலும்பு நுனியைத் தடவிக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் கீழ. இல்ல, வெளியாண்ட. அங்க. அதுக்கு மேல ஒரு நெல்லு அளவு" என்று சொல்லிக்கொண்டு வந்தாய். நான் திரையில் பிரஷ்ஷை எடுக்காமல் மவுஸ் அம்பை மட்டும் நகர்த்தினேன். ஒரு கட்டத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஒரே ஒரு தடவை நான் தொட்டுப் பார்த்துடறேனே. சுலபமா முடிஞ்சுடும்."

"கைய வைக்காத."

"மெதுவாத்தான்..."

"வைக்காதன்னா வைக்காத. கண்ணால பார்த்துக்கோ, கம்ப்யூட்டரு."

புண்ணுக்குப் பிறகு டாக்டரைத் தவிர ஒருவரையும் நீ தொடவிட்டதில்லை என்று நாத்தனார் சொல்லித்தான் தெரியும். வீட்டில்கூட முதுகைத் திருப்பிக்கொண்டுதான் காலை மாட்டுவாயாம். சரி என்று விட்டுவிட்டேன். அந்தத் திட்டை அப்படியே வைத்து, அதைச் சுற்றிக் கொஞ்சம் இடமும் விட்டேன். கடைசியாக முக்கோணங்களைக் குறைக்கிற நேரம் வந்தது. தோலை மறைத்துவிட்டுக் கம்பிக்கோடுகளை மட்டும் காட்டினேன். "வலையாட்டம் கீதே!" என்று முன்னால் குனிந்தாய். எங்கே குறைக்கப் போகிறேன் என்று சொன்னேன். ஆடுதசையில் வலைக்கண் பெரிதாக இருக்கலாம், எலும்புப் பக்கம் பொடிக்கண்ணாக இருக்க வேண்டும் என்று நீயே பிரித்துச் சொன்னாய். "பொடி மீனு எங்க கீதோ அங்கதான பொடிக்கண்ணு?" இதை எனக்குக் கற்றுக்கொடுக்க அந்தக் காலத்தில் ஒரு வாரப் பயிற்சி வைத்தார்கள்.

இப்போதெல்லாம் எனக்கு வருகிற ஒவ்வொரு கோப்போடும் அந்த ஆளின் போன் நம்பரும் வர வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கி வைத்திருக்கிறேன். துடைக்க ஆரம்பிக்கும் முன் கூப்பிடுவேன். "உங்க கால்ல வெளிப்பக்கம் ஒரு புடைப்பு தெரியுதே, அது என்ன?" என்று கேட்டால் சிலர் பயந்துபோய் வைத்துவிடுகிறார்கள். ஒருவர் நான் லோன் கொடுக்கிற கம்பெனி என்று நினைத்துக் கன்னாபின்னாவென்று திட்டினார். மெஷின்காரர் பொட்டு அட்டையே வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கிறார். வலிக்கிற இடத்தில் அவர்களையே ஒட்டிக்கொள்ளச் சொல்கிறார். ஆண்கள்தான் ரொம்பவும் கூச்சப்படுகிறார்களாம்.

இரண்டாவது கால் வந்தது. கம்பிகளுக்கு நடுவே நின்றாய். கால் பொருத்துகிறவர் கேட்டார். "நல்லாருக்குது" என்றாய்.

அதே வார்த்தை, அதே குரல். முதல் தடவையும் இதையேதான் சொன்னாய். ஐந்து வாரம் புண்ணோடு ஏலத்தில் நின்றாய். இப்போது மட்டும் எப்படி நம்புவது? அன்றிலிருந்து எனக்கும் உனக்கும் நடந்ததெல்லாம் இந்த ஒரு சண்டைதான். நான் போனில் கேட்பேன், வலிக்கிறதா என்று. நீ நல்லாருக்குது என்பாய். நிஜமாகவா என்பேன். வை போனை என்பாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் சொல்லாமலேயே பழவேற்காட்டுக்குக் கிளம்பி வந்தேன். விடிந்து ஒரு மணி நேரம் இருக்கும். தார்ப்பாயில் மீன் கொட்டியிருந்தது. சுற்றிலும் பெண்கள். நடுவில் உன் குரல்தான் முதலில் கேட்டது. புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, இரண்டு காலிலும் ஊன்றி, ஒரு கையை உயர்த்திக்கொண்டு நின்றாய். உனக்கு இடப்பக்கத்தில் நாத்தனார். அவளுடைய மீனை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், உன்னுடையதை நீ. ஏலம் விடுகிறவன் உன் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தான். பார்க்காமல் இருந்தால் நீ விடுவாயா? சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் என் கண் உன் காலைவிட்டு நகரவில்லை. எந்தப் பக்கம் பாரம் போடுகிறாய், எப்போது பாரத்தை மாற்றுகிறாய் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். நீ பார்த்துவிட்டாய்.

"ஏய் கம்ப்யூட்டரு! மூஞ்சப் பார்த்துப் பேசு! எப்பப் பாரு கீழயே பார்த்துகினு."

ஏலம் முடிந்து டீக்கடை நிழலில் உட்கார்ந்தோம். ஒரே ஒரு தடவை கழற்றித் தோலைக் காட்டு, பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன் என்றேன். "நடு ரோட்டுல பொடவையத் தூக்கணுமா நான்?" என்றாய். சரி, வீட்டுக்குப் போய்க் காட்டு என்றேன். மாட்டேன் என்றாய்.

"நெசமா வலிக்கல. சொன்னா நம்பு."

"முதல் தடவையும் இப்படித்தான் சொன்ன."

நீ டீயை வைத்துவிட்டாய். "அப்ப பொய் சொன்னேன். இப்ப சொல்லல" என்றாய்.

"எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாம போ. நம்பாத. யாரு வேணாங்குறா?" என்று எழுந்துகொண்டாய். அப்படி ஒரு கோபம். வீட்டுப் பக்கம் போகிற கோட்டைக்குப்பம் ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டு திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாய். நான்கு நாள் கழித்து நீயே போன் செய்து இறால் அனுப்பட்டுமா என்று கேட்டாய். காலைப் பற்றி நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. ஆனால் எனக்குள் அது இருந்துகொண்டேதான் இருந்தது. நீ ஏலத்தில் நிற்கிற ஒவ்வொரு விடியலிலும், நான் இழைத்த இடத்தில் என்ன நடக்கிறதோ என்று.

இரண்டு வருடம் நின்றாய். கடைசியில் சர்க்கரை போய்ப் பிடித்தது காலை அல்ல, கிட்னியை. மழைக்காலத்துக்கு அப்புறம் ரத்தம் சுத்திகரிக்கச் சென்னை ஆஸ்பத்திரிக்கு வாரம் இரண்டு நடை என்றார்கள். ஒரு தடவை அங்கே வந்து பார்த்தேன். இளைத்துப் போயிருந்தாய். கட்டிலுக்குப் பக்கத்தில் கால் சாத்தி வைத்திருந்தது. "இன்னும் கீழயே பாக்குற பாரு" என்றாய். இரண்டு பேரும் சிரித்தோம். அதுதான் நாம் பேசியதில் கடைசி.

நாத்தனார்தான் போன் செய்தாள். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "அண்ணி பூட்டாங்க" என்றாள். பிறகு அவளே மெதுவாக, "ரெண்டு காலோடதான் போவணும்னு சொல்லிகினே இருந்தாங்க. எங்களுக்கு அத்த மாட்டத் தெரியல. யாரையும் தொடவிட்டதில்லையே. நீ வந்து மாட்டி வுடுறியா?" என்றாள்.

ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பஸ், அப்புறம் ஆட்டோ. வழியெல்லாம் என்ன நினைத்தேன் என்று ஞாபகமில்லை. உன் வீட்டில் பெண்கள் புடவைகளைப் பிடித்து மறைப்புக் கட்டினார்கள். உள்ளே நீயும் நானும் நாத்தனாரும் மட்டும். முந்தின நாள் காலையில்கூடக் காலை மாட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் போய் நின்றுவிட்டு வந்தாயாம். அவள் போர்வையை விலக்கினாள்.

மூன்று வருடமாகத் திரையில் நூறு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்த காலை அப்போதுதான் முதன்முதலாகக் கையில் எடுத்தேன். இவ்வளவு சின்னதா என்று இருந்தது. மாட்டுவதற்குத்தான் வந்திருந்தேன். ஆனால் என்னால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மன்னித்துக்கொள், நீ இருந்திருந்தால் விட்டிருக்கமாட்டாய். வெளிப்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டினேன். பழைய புண்ணின் தழும்பு வெளுத்துப்போய்த் தட்டையாகக் கிடந்தது. சாக்கெட் அழுத்தியிருந்தால், இரண்டு வருடத்தில் அந்த இடம் கறுத்துக் காய்த்துப் போயிருக்கும். அப்படி எதுவும் இல்லை. சிவப்பு இல்லை, தடிப்பு இல்லை, ஒரு கீறல்கூட இல்லை. கட்டைவிரலை வைத்துத் தடவினேன். தோலுக்கு அடியில் அந்த எலும்பு நுனி, நீ கண்ணை மூடிக்கொண்டு சொன்ன அதே இடத்தில், ஒரு நெல் அளவு மேலே தள்ளி.

நான் அழுத அழுகையைப் பார்த்து நாத்தனார் பயந்துபோனாள். "இன்னா ஆச்சி? கால்ல எதுனா ஆயிருக்குதா?" என்றாள்.

"இல்ல. நல்லாருக்குது" என்றேன். "நல்லாத்தான் இருந்திருக்குது."

உன் உடம்பு வற்றியிருந்ததால் சாக்கெட் தொளதொளவென்று இருந்தது. சாக்ஸ் இரண்டு அதிகமாகப் போட்டு, பட்டையை இறுக்கி, புடவையை இரண்டு கணுக்கால் வரைக்கும் இழுத்துவிட்டேன். எந்தக் கால் எது என்று வெளியே நின்றவர்களுக்குத் தெரிந்திருக்காது.

நீ சொன்னது உண்மை. நான்தான் இரண்டு வருடம் நம்பவில்லை, உன்னை நான்கு நாள் பேசாமலும் இருக்க வைத்தேன். அதற்கு இனி யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது? அந்த எலும்பு நுனி என் கட்டைவிரலில் இன்னும் இருக்கிறது. எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம், எந்தப் பக்கம் சரிவு என்று எவர் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.